மலேரியா வராத பிள்ளைக்கு மலேரியா மாத்திரையா?

ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழியில் எப்படி வீசும் என்பதை அங்கே ஒரு பகல் தங்கியவர்களே அறிவர். மேற்கு மலைத்தொடர் தன் தென்கோடியில் சற்றே விலகி வழிவிடும் அக்கணவாயில், கடல் கடந்து வரும் காற்று நெருக்கியடித்துப் புகுந்து, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில், கதவுக்குக் கல்லை அண்டைகொடுத்துச் சாத்தியிருந்த ஒரு வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம்.

அவ்வீட்டுப் பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. ஈராண்டுகளுக்கு முன் விரல் மூட்டுகளில் வலி தொடங்கிற்று. காலையில் எழுந்தால் கைவிரல்களை மடக்க இயலாது. தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வரும். மாலையில் இலேசான காய்ச்சல். பின்னர் மூக்கின் இருபுறமும், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல, கன்னங்களில் செந்நிறப் படை தோன்றியது. வெயிலால் வந்தது என்றனர் சிலர். வாதம் என்று தைலம் தேய்த்தனர் சிலர். பேசி நின்றுபோன சம்பந்தத்தார் வைத்த செய்வினை என்று காதோடு காதாகச் சொன்னவரும் உண்டு. ஓராண்டு இவ்வாறு கழிந்தபின், பட்டணத்து டாக்டர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, இது லூப்பஸ் என்னும் வியாதி என்று கண்டறிந்து மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் பிள்ளை பழையபடி நடமாடத் தொடங்கினாள்.

அப்பொழுதுதான் உறவினர் ஒருவர் வந்தார். நாலும் படித்தவர். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "ஹைட்ராக்ஸி குளோரோகுயின்... இது மலேரியாவுக்குக் கொடுப்பதல்லவா? கண்ணைக் கெடுக்குமே!" என்றார். அன்றே அம்மாத்திரை நின்றது. நான்கு மாதம் கழித்துப் பிள்ளையின் பாதங்கள் வீங்கின. சிறுநீர் நுரைத்துப் போயிற்று. வியாதி சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது.

தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது: "மலேரியாவே வராத பிள்ளைக்கு மலேரியா மாத்திரை எதுக்கு சார்? அதக் கேட்டதும் எங்களுக்குப் பயமாப் போச்சு. நாங்க நிறுத்தினது தப்பா?"

நியாயமான கேள்வி. அதற்கு உடனே விடை கூற நமக்கு அன்று இயலவில்லை. இப்பகுதியில் வழக்கமாக எளிய வீட்டு மருத்துவச் செய்திகளையே எழுதி வருகிறோம். இம்மாதம் சற்றுக் கடினமான பொருளுக்குள் செல்லவேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுமையோடு உடன்வர வேண்டுகிறோம்.

லூப்பஸ் என்பது இலத்தீன் சொல். ஓநாய் என்று பொருள். முகத்தை ஓநாய் கடித்துக் குதறினாற்போலத் தோன்றியதால் பண்டைய மருத்துவர் இப்பெயரிட்டனர் என்பர். ஓநாய் வெளியிலிருந்து வருவது. இவ்வியாதியோ வெளியிலிருந்து வருவதன்று. கிருமிகளோடு போரிட வேண்டிய நம் எதிர்ப்பு அணுக்களே நம் தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் பகையென்று கருதித் தாக்குவதால் விளைவது. இதனை மருத்துவர் தன்னெதிர்ப்பு வியாதி என்று வகைப்படுத்துவர். முடக்குவாதத்தில் ஒரு பெரும்பிரிவும், சிறுவயதில் வரும் நீரிழிவும் இவ்வகையைச் சேர்ந்தனவே. லூப்பஸ் கண்டவருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவருள்ளும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர்.

நம் நாட்டில் இது அரிதென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, தில்லியை அடுத்த கிராமங்களில் இலட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இவ்வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. கணக்கு உண்மையாயிருக்கலாம்; ஆயினும் தைலத்தோடும் செய்வினைப் பேச்சோடும் நின்றுபோனவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று நாம் ஐயுறுகிறோம். அண்மைக் காலத்தில் இலக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் முதலிய பத்து மையங்கள் ஒன்றுகூடி, புதிதாக லூப்பஸ் கண்டறியப்பட்டவர்களைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனிக்கும் திட்டமொன்றை மேற்கொண்டன.

நம் வாசகர்களுள் ஆங்கில இலக்கியம் பயின்றோர் பிளானரி ஓகானர் என்னும் அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளரை அறிந்திருப்பர். அவருடைய தந்தை லூப்பஸ் வியாதியால் 1941-இல் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து. அதே வியாதி தமக்கும் கண்டபின், மயில்கள் வளர்த்துக்கொண்டு, ஊன்றுகோலோடு நடந்து, எழுதிக்கொண்டே இருந்து 1964-இல் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அக்காலத்தில் மருந்துகள் சிலவே இருந்தன. இன்று நிலைமை வேறு. அதனாலேயே கையிலிருந்த மருந்தை நிறுத்தியது நம்மை வருத்திற்று.

உடல் தன்னையே ஏன் தாக்க வேண்டும்? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், உடல் தன்னைத் தாக்குவதற்கு அஞ்சும்படி இயற்கை அமைத்துள்ளது என்று கருதினார். அந்த அச்சத்தை உடல் எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதே கேள்வி. இதனை விளங்கிக்கொள்ள நாம் அயலூர் செல்லவேண்டியதில்லை, ஆரல்வாய்மொழியே போதும்.

பழைய திருவிதாங்கூர் நாட்டின் கிழக்கு வாசல் இவ்வூர். கோட்டையும் காவலும் இருந்தன. வருவோர் யார், சரக்கு எது, கையிலுள்ள சீட்டில் முத்திரை உண்டா என்று பார்த்தே உள்ளே விடுவர். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை இது எல்லை ஊராகவே இருந்தது. ஆனால் வாசலில் காவல் இருந்தால் மட்டும் போதுமா? 1809 பிப்ரவரி 10-ஆம் நாள், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, ஆங்கிலேயப் படையினர் கதவை உடைத்து நுழையவில்லை. இருளில் பக்கத்து மலைச்சரிவில் ஏறி, மேலிருந்து இறங்கி அரணைப் பிடித்தனர். வைரஸ் கிருமிகளும் அத்தகையனவே. அவை உயிரணுவின் உள்ளேயே புகுந்துவிடும். எனவே உடல் தன் காவலரை வாசலில் மட்டுமன்றி ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் நிறுத்தி வைத்துள்ளது.

உள்ளே நிற்கும் அக்காவலர் சோதிப்பது யாது? ஆர்.என்.ஏ. என்னும் பொருளை.

நம் உயிரணுவின் கருவில் டி.என்.ஏ. என்னும் மூல ஆவணம் உள்ளது. மூலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, வேண்டும்பொழுது நகல் எடுத்துப் பயன்படுத்துவது நம் வழக்கமன்றோ? அந்நகலே ஆர்.என்.ஏ. நான்கே வேதி எழுத்துகளால் ஆனது. நகலிலுள்ள கட்டளைப்படி புரதங்களைச் செய்யும் ரைபோசோம் என்னும் நுண்பட்டறையின் அமைப்பைக் கண்டமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வைரஸ்களிலும் பல தம் கட்டளைகளை ஆர்.என்.ஏ. வடிவிலேயே கொண்டுவருகின்றன. எழுத்து நான்கும் அவையே, மொழியும் அதுவே. அப்படியானால் இது நம் வீட்டு நகல், இது திருடன் கொண்டுவந்த ஓலை என்று காவலன் எப்படிப் பிரித்தறிவான்?

இங்கேதான் முத்திரை வருகிறது. ஆர்.என்.ஏ. எழுதி முடிந்தபின், உடல் அதில் சில எழுத்துகளின்மேல் சிறு வேதிக்குறிகளை இடுகிறது. சில எழுத்துகளைச் சற்றே திருப்பி வைக்கிறது. 1950-களிலேயே நான்கெழுத்துக்குப் புறம்பான ஐந்தாம் எழுத்தொன்றை ஆர்.என்.ஏ.யில் கண்டனர். சூடோயூரிடின் என்பது அதன் பெயர். 1974-இல் கட்டளை நகல்களின்மேல் மெத்தில் என்னும் சிறு குறி இடப்படுவது தெரியவந்தது. இன்று நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட குறிகள் அறியப்பட்டுள்ளன. இவை எதற்கென்று நெடுநாள் எவருக்கும் தெளிவாகவில்லை. அலங்காரம் போலும் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு.

இக்குறிகளின் பயனொன்றை வெளிப்படுத்தியவர் கத்தலின் கரிக்கோ என்னும் ஹங்கேரிப் பெண்மணி. கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் மகள். 1985-இல் கணவரோடும் சிறு மகளோடும் அமெரிக்கா புறப்பட்டபொழுது, மகளின் கரடிப் பொம்மைக்குள் பணத்தை மறைத்துத் தைத்து எடுத்துச் சென்றார். அங்கே ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கலாம் என்று அவர் கூறியதை அதிகம் பேர் நம்பவில்லை. 1995-இல் பதவி இறக்கமும் நேர்ந்தது. நகலெடுக்கும் இயந்திரத்தருகே தற்செயலாக அறிமுகமான துரூ வைஸ்மன் என்னும் அறிஞரோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சோதனைக்கூடத்தில் செய்த ஆர்.என்.ஏ.யை எதிர்ப்பு அணுக்களுக்குக் கொடுத்தால் அவை கொதித்தெழுந்தன. உடலிலிருந்தே எடுத்த ஆர்.என்.ஏ. சிலவற்றைக் கொடுத்தால் அமைதியாயிருந்தன. காரணம் குறிகளே என்று அவ்விருவரும் 2005-இல் காட்டினர். சூடோயூரிடின் முதலிய குறிகள் உள்ள ஆர்.என்.ஏ.யைக் காவலர் நம்மவர் என்று விட்டுவிடுகின்றனர். குறியற்றதைக் கண்டால் அபாயச் சங்கு ஊதுகின்றனர். இவ்வறிவைக் கொண்டே பின்னர் கொரோனாவுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் உருவாயின. நம் ஊர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல என்பதையும் குறித்துவிடுகிறோம். 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குறி இட்டால் காவலன் அமைதியாவான், சரி. குறியிட வேண்டிய எழுத்தன் தன் வேலையைச் செய்யாவிட்டால்? அக்கேள்விக்கு விடை பச்சிளங் குழந்தைகளிடமிருந்து வந்தது.

1984-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்களான எக்கார்டி, கூத்தியே என்னும் இருவர் எட்டுக் குழந்தைகளின் வரலாற்றை வெளியிட்டனர. தாயின் வயிற்றில் கிருமி தொற்றிய குழந்தையைப் போலவே இருந்தனர். மூளையில் சுண்ணப் படிவுகள், வளர்ச்சிக் குறைவு. ஆனால் எத்தனை தேடியும் கிருமி எதுவும் அகப்படவில்லை. கிருமியில்லாத இடத்தில் கிருமிக்கெதிரான போர் நடந்துகொண்டிருந்தது. இதற்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பின்னர் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று 2012-இல் கிடைத்தது: அடார் என்னும் என்சைமைச் செய்யும் மரபணு. ஆர்.என்.ஏ.யில் அடினோசின் என்னும் எழுத்தை இனோசின் என்னும் எழுத்தாகத் திருத்துவதே அதன் பணி.

அத்திருத்தம் ஏன் வேண்டும் என்பது கேட்க வியப்பானது. நம் மரபுப் பத்திரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, ஒரே வாசகம் இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. அவ்வாசகம் நேராகவும் தலைகீழாகவும் ஒரே நகலில் அமைந்துவிட்டால், அந்நகல் மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு இரட்டை இழையாகிவிடும். இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்பது வைரஸின் அடையாளம். அதைத் தேடுவதற்கென்றே தனிக் காவலன் ஒருவன் உயிரணுவினுள் இருக்கிறான். அடார் அங்கங்கே எழுத்தைத் திருத்துவதால் இழைகள் ஒழுங்காக ஒட்டாமல் தளர்ந்துவிடுகின்றன. காவலன் பேசாமல் கடந்து போகிறான். திருத்தம் இல்லையேல் சொந்த வீட்டு நகலையே பகைவனின் ஓலை என்று எண்ணிப் போர் தொடுத்துவிடுகிறான். அப்போரே அக்குழந்தைகளின் வியாதி.

அரிய குழந்தை வியாதியைப் பற்றி நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். 2022-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வில், இதே எழுத்துத் திருத்தம் சற்றுக் குறையும்படியான பரம்பரைக் கூறுகள் லூப்பஸ், முடக்குவாதம் போன்ற பொதுவான தன்னெதிர்ப்பு வியாதிகளின் வாய்ப்பையும் கூட்டுகின்றன என்று காட்டினர். குழந்தைகளில் முழுதாக அறுந்த கயிறு, பெரியவர்களில் நைந்து கிடக்கிறது எனலாம்.

இனி மெத்தில் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. இது உள்ள நகலை வேலை முடிந்ததும் உடல் விரைவில் கிழித்தெறிகிறது. நகல் தங்கும் காலத்தை வரையறுக்கும் குறி என்று கொள்ளலாம். டி அணுக்கள் என்னும் போர்வீரரில் இக்குறியிடும் என்சைமை நீக்கி எலிகளில் 2017-இல் சோதித்தனர். வீரர்களை அடக்கிவைக்கும் கட்டளைகள் கிழிபடாமல் தங்கின; வீரர் பெருகவில்லை; குடலழற்சி நோயையும் உண்டாக்கவில்லை. நல்லதாயிற்று, குறியை நீக்கினால் வியாதி தீருமென்று அவசரப்பட்டு முடிவு கட்டத் தோன்றும். அடுத்த ஆண்டே வேறொரு சோதனை வந்தது. வீரரை அடக்கும் சமாதான அணுக்கள் உடலில் உண்டு. அவற்றைக் கண்டு நிறுவியமைக்காகவே ஜப்பானின் சகாகுச்சியும், அமெரிக்கர்களான மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவரும் 2025-இன் நோபல் பரிசைப் பெற்றனர். அச்சமாதான அணுக்களில் மட்டும் அதே என்சைமை நீக்கியபொழுது அவை வலுவிழந்தன. எலிகள் கடுமையான தன்னெதிர்ப்பு வியாதியுற்றுச் சில வாரங்களில் மடிந்தன. ஒரே குறி, ஒருவரிடம் வாள், இன்னொருவரிடம் கேடயம்.

இவ்விடத்தில் ஒரு சிறு கோபத்தை வெளியிட வாசகர்கள் இடந்தர வேண்டும். கொரோனாக் காலத்திலிருந்து எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் பொடி, இலேகியம், பானம் என்று கடைதோறும் விற்கிறார்கள். லூப்பஸ் கண்டவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோயிருக்கிறது என்று எண்ணி, அன்போடு வாங்கிக் கொடுக்கும் சுற்றத்தாரும் உளர். அவருடைய துன்பம் காவலர் அளவு மீறிப் பொங்குவதால் வருவது. அப்பொடி உண்மையிலேயே தான் சொல்வதைச் செய்யுமானால் அவருக்கு நஞ்சாகும். செய்யாதாயின் பணம் வீண்.

மீண்டும் நம் ஆரல்வாய்மொழிப் பெண்ணிடம் வருவோம். அவள் உடலில் நடப்பது என்ன? உயிரணுக்கள் நாள்தோறும் இறக்கின்றன. நலமுள்ள உடலில் அக்குப்பை உடனே பெருக்கப்பட்டுவிடும். லூப்பஸில் குப்பை தேங்குகிறது. தேங்கிய குப்பையிலுள்ள ஆர்.என்.ஏ.யையும் அதனோடு ஒட்டிய புரதங்களையும் எதிர்ப்புப் புரதங்கள் பற்றிக்கொண்டு, சில எதிர்ப்பு அணுக்களின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே சிறு பைகள் உள்ளன. அப்பைகளுக்குள்ளேதான் ஆர்.என்.ஏ.யைச் சோதிக்கும் டி.எல்.ஆர்.ஏழு என்னும் காவலன் நிற்கிறான். வழக்கமாக நம் சொந்த ஆர்.என்.ஏ. இப்பைகளுக்குள் வருவதே அரிது. வந்தாலும் அதன் குறிகள் அவனை ஓரளவு அமைதிப்படுத்தும். குப்பையாகக் குவித்துக் கொட்டினால் அவன் பொறுமை எல்லை மீறுகிறது. இண்டர்பெரான் என்னும் அபாயப் பொருள் உடலெங்கும் பரவுகிறது. காய்ச்சலும் மூட்டுவலியும் அதன் விளைவுகளே.

இக்காவலனின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். ஆனால் இந்த மரபணு சில அணுக்களில் உறங்க மறுக்கிறது என்று 2018-இல் காட்டினர். பெண்களுக்கு இவ்வியாதி மிகுவதற்கு இது ஒரு காரணமாகலாம். 2022-இல் மேலும் தெளிவு பிறந்தது. ஏழாம் வயதிலேயே லூப்பஸ் கண்ட ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியின் மரபணுக்களைப் படித்தபொழுது, இதே காவலனில் ஓரெழுத்து மாறியிருந்தது. சிறு தூண்டலுக்கும் அவன் சங்கெடுத்து ஊதினான். அம்மாற்றத்தை எலிகளில் புகுத்தினர். எலிகளுக்கும் லூப்பஸ் வந்தது. அச்சிறுமிக்கு எவரும் செய்வினை வைக்கவில்லை. ஓரெழுத்தே காரணம்.

இப்பொழுது அத்தாயின் கேள்விக்கு விடை கூறலாம். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் எங்கே சென்று தங்குகிறது தெரியுமா? அந்தச் சிறு பைகளுக்குள்ளேதான். அங்கே தேங்கி, பையின் புளிப்பைக் குறைத்து, ஆர்.என்.ஏ.யோடும் ஒட்டிக்கொண்டு, காவலன் அதைப் படிக்கவொட்டாமல் தடுக்கிறது. மலேரியாக் கிருமியைக் கொல்வது இம்மருந்தின் ஒரு தொழில். சங்கூதும் காவலனின் கையைப் பிடிப்பது இன்னொரு தொழில். உறவினர் அட்டையைப் படித்தது சரியே. அவர் அறிந்தது பாதி.

இம்மருந்தின் முன்னோர் நமக்கு அயலவருமல்லர். 1860-களில் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனா மரக்கன்றுகளைக் கொண்டுவந்து நீலகிரியில் நட்டனர். அப்பட்டையிலிருந்து வடித்த கொயினாவைக் காய்ச்சலுக்குக் குடித்து முகம் சுளித்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அதே கொயினாவை இலண்டன் மருத்துவர் பெயின் என்பார் 1894-இலேயே லூப்பஸுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1951-இல் பேஜ் என்பார் மெப்பாக்கிரின் என்னும் மலேரியா மருந்தைக் கொடுத்து நலம் கண்டதை எழுதினார். காரணம் அவ்விருவருக்கும் தெரியாது. ஆர்.என்.ஏ.யைப் படிக்கும் காவலன் கண்டறியப்பட்டது 2004-இல் அன்றோ! மருந்து முதலில் வந்தது. விளக்கம் நூறாண்டு கழித்து வந்தது. மருத்துவத்தில் இது அபூர்வமன்று.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். கனடாவில் இம்மருந்தால் நலமாயிருந்த நாற்பத்தேழு பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தையும் மறுசாராருக்கு அதுபோன்ற வெறும் மாத்திரையையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்திற்குள் மருந்து உண்ட இருபத்தைந்து பேரில் ஒன்பது பேருக்கும், வெறும் மாத்திரை உண்ட இருபத்திரண்டு பேரில் பதினாறு பேருக்கும் வியாதி மீண்டும் கிளர்ந்தது. 1991-இல் வெளியான கணக்கு இது. ஆகவே அம்மா, நிறுத்தியது தப்பே. ஆனால் அத்தப்பைச் செய்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்லர்.

2020-ஆம் ஆண்டை மறக்கவியலுமா? மார்ச் மாதத்தில் இம்மருந்து கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு உலகெங்கும் கிளம்பியது. மருந்துக்கடைகளில் அட்டை அட்டையாக வாங்கிப் பதுக்கினர். மார்ச் 25-இல் நம் அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது; மறுநாள் மருத்துவர் சீட்டின்றி விற்கவொண்ணாதபடி கட்டுப்பாடும் விதித்தது. நாள்தோறும் இதை நம்பி வாழ்ந்த லூப்பஸ், முடக்குவாத வியாதியஸ்தர்கள் கடைகடையாக அலைந்தனர். சூன் மாதத்திற்குள் இங்கிலாந்தின் பெருஞ்சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா வியாதியஸ்தருக்கு இது பயன்படவில்லை என்று தெரிவித்தது. தேவையற்றவர் பெட்டியில் மருந்து கிடக்க, தேவைப்பட்டவர் கை வெறுங்கையாயிற்று.

கண்ணைப் பற்றிய அச்சம் வெறும் வதந்தியன்று, அதனையும் மறைக்கலாகாது. நெடுங்காலம் உண்டால் விழித்திரை பழுதுபட வாய்ப்புண்டு. உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேற்படாமல் நாள்தோறும் உண்பவர்களில், முதற் பத்தாண்டுகளில் இப்பழுது நூற்றுக்கு இருவரை எட்டவில்லை என்று 2014-இல் வெளியான பெரிய ஆய்வு கூறுகிறது. இருபது ஆண்டு கடந்தால் ஐவரில் ஒருவர்வரை ஆகலாம். எனவே மருந்து தொடங்கும்பொழுது ஒருமுறை கண்ணைச் சோதிக்க வேண்டும்; ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்கள் ஐந்தாண்டு காத்திராமல் முன்னதாகவே தொடங்க வேண்டும். பழுதைப் பார்வை மங்குமுன்னரே கண்டுபிடிக்கும் கருவிகள் இன்று உண்டு.

குறிகளையே மருந்தாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. மெத்தில் குறியிடும் என்சைமைத் தடுக்கும் மருந்தொன்று புற்றுநோயாளரிடம் சோதிக்கப்படுகிறது. 2021-இல் ஜெர்மானிய அறிஞர்கள், கரிக்கோ காட்டிய வழியில் குறியிட்ட ஆர்.என்.ஏ.யைக் கொண்டு, எலிகளில் நரம்புத் தன்னெதிர்ப்பு வியாதியைத் தணித்தனர். அதாவது, இது நம்முடையது, தாக்காதே என்று காவலருக்குப் பாடம் கற்பித்தனர். இவை நம் வீட்டு வாசலுக்கு வர எத்தனை ஆண்டாகுமோ! லூப்பஸ் உள்ளவர் இரத்தத்தில் குறிகளின் அளவு மாறியிருப்பதாகப் பல கட்டுரைகள் வருகின்றன. அம்மாற்றம் வியாதியின் காரணமா, வியாதியால் வந்த விளைவா என்று பிரித்துச் சொல்லும் சோதனைகள் இனிமேல்தான் வரவேண்டும். இதற்கிடையில், புதிய மருந்து வந்துவிட்டது, பழையதை விட்டுவிடுங்கள் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

சென்ற மாதம் மறுபடியும் அவ்வீட்டிற்குச் சென்றோம். காற்று அடங்கியிருந்தது, கல் கதவோரத்தில் சும்மா கிடந்தது. மாத்திரை மீண்டும் தொடங்கி ஏழு மாதமாகிறது. சிறுநீரகத்திற்கென்று வேறு மருந்துகளும் சேர்ந்துள்ளன. பாத வீக்கம் வடிந்துவிட்டது. சிறுநீரில் புரதம் குறைந்துவருவதாக டாக்டர் கூறியுள்ளார். தாய் உள்ளே சென்றபின் அப்பெண் மெல்லிய குரலில், "கல்யாணம் ஆனா, பிள்ளை உண்டானா, இந்த மாத்திரைய நிறுத்தணுமா சார்?" என்று கேட்டாள். வியாதி ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தில், மருத்துவரைக் கேட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும் என்றும், அவள் உண்ணும் மருந்துகளில் சிலவற்றை முன்னதாகவே மாற்றவேண்டியிருக்கும் என்றும், ஆனால் இந்த ஒரு மாத்திரையைக் கர்ப்பகாலத்திலும் தொடரும்படியே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள் என்றும் கூறினோம். அவள் ஒரு பழைய பள்ளி நோட்டைக் கொண்டுவந்து அதனை எழுதிக்கொண்டாள். அதே பக்கத்தின் மேற்பகுதியில், கண் சோதனைக்குப் போகவேண்டிய தேதி சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது.